பதிவேட்டில் ஒரு குடும்பத் தலைவர்

முன்னாள் படைவீரர் ஒருவர் மறைந்த பின் அவருடைய வாழ்க்கையை எழுத முற்படுவோர் பெரும்பாலும் அவர் கண்ட போர்களிலிருந்தே தொடங்குகின்றனர். அவருடைய குடும்பத்தாரோ அவர் விடுப்பில் வந்துபோன நாட்களையும், ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பிறகான ஆண்டுகளையும் மட்டுமே நினைவில் வைத்திருக்கின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவே, இளமையின் பெரும்பகுதியைக் குடும்பத்தார் பெயர்கூட அறியாத முகாம்களில் கழித்த அந்த மனிதர், அக்காலமெல்லாம் எத்தகைய கணவராகவும் தந்தையாகவும் இருந்தார் என்னும் வினாவை எவரும் கேட்பதில்லை. அதற்கான விடை அவருடைய டிரங்குப் பெட்டியின் அடியிலுள்ள காகிதங்களில் இருக்கிறது என்பதும், அவற்றைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு சிப்பாயின் குடும்பப் பற்று அவருடைய போர்ப்பணியைப் போலவே தெளிவாகப் புலப்படும் என்பதும், ராணுவ ஆவணங்களோடு பழகும் தொழிலில் இருப்போர் நாளடைவில் பெறும் தெளிவாகும்.

அத்தொழில் பற்றி முதலில் சில சொற்கள் தேவைப்படுகின்றன. படையில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்றோருள் சிலர், ஊர் திரும்பிய பின், பிற முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களுடைய கைம்பெண்களுக்கும் விண்ணப்பங்களை எழுதித் தரும் பணியைத் தாமாகவே ஏற்றுக்கொள்கின்றனர். பெங்களூரிலுள்ள ரெக்கார்ட்ஸ் ஆபீஸ், அதாவது படைவீரரின் பணி ஆவணங்களைக் காக்கும் அலுவலகம்; ஓய்வூதிய ஆணையைப் பிறப்பிக்கும் பிரயாக்ராஜ் பாதுகாப்புக் கணக்கு அலுவலகம்; மாவட்டத் தலைநகரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம்; ஓய்வூதியம் வரவாகும் வங்கி ஆகிய நான்கிடங்களுக்கும் செல்லும் கடிதங்கள் இவர்கள் கையாலேயே எழுதப்படுகின்றன. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், தெருவுக்குத் தெரு பட்டாளத்துக்காரர் வீடு ஒன்றாவது இருக்கும் ஊர்கள் பல உண்டாதலின், அங்கெல்லாம் இத்தகைய ஆவண எழுத்தர்களுக்கு ஓய்வென்பதே இருப்பதில்லை.

அவ்வாறான எழுத்தர் ஒருவரின் பார்வைக்கு வந்த ஆவணங்களின் துணைகொண்டு, பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் வாழ்ந்து எண்பதை எட்டும் தறுவாயில் மறைந்த நாயப் சுபேதார் ஒருவரின் வாழ்க்கையை இக்கட்டுரை நினைவுகூர்கிறது. அவர் மதராஸ் பொறியாளர் குழுவைச் சேர்ந்தவர்; ஊரார் வழக்கில் எம்.இ.ஜி. பட்டாளத்துக்காரர். பெரும் வீரவிருது எதையும் அவர் பெறவில்லை; அவரைப் பற்றிய செய்தி எந்த நாளிதழிலும் வரவில்லை. ஆயினும், நாட்டுக்கும் வீட்டுக்கும் ஒரே ஒழுக்கத்தோடு உழைக்க முடியும் என்பதற்கு அவருடைய காகிதங்கள் வலுவான சான்றாக அமைந்திருப்பதால், அவரைப் பற்றி எழுதுவது தேவையாகிறது.

படைப்பிரிவும் வட்டாரமும்

மதராஸ் சாப்பர்ஸ் எனப் பரவலாக அறியப்படும் இப்படைப்பிரிவு, 1780 செப்டம்பர் 30 அன்று சென்னை மாகாணத்தில் இரண்டு பயோனியர் கம்பெனிகளாகத் தொடங்கப்பெற்றது. படை முன்னேறுவதற்கு வழி அமைப்பதும், ஆற்றுக்குப் பாலம் இடுவதும், எதிரியின் கோட்டையைத் தகர்ப்பதும், பின்வாங்கும்போது எதிரியின் வழியைக் கெடுப்பதும் சாப்பர் எனப்படும் பொறியாளர் படைவீரரின் பணிகளாகும். அடுத்த ஆண்டே இப்பிரிவு கலந்துகொண்ட சோளிங்கர்ப் போர் அதன் தொடக்ககாலப் போர்ச் சிறப்புகளுள் ஒன்றாக இடம்பெற்றது. அந்தச் சோளிங்கர் இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளது. பின்னர்ப் பெங்களூருக்கு இடம்பெயர்ந்து, அல்சூர் ஏரியை ஒட்டித் தலைமையிடத்தை அமைத்துக்கொண்ட இப்பிரிவு, தென்னகத்து இளைஞர்களையே முதன்மையாகச் சேர்த்துக்கொண்டது. அதன் வீரர்களைத் தம்பி என்றே பிற படைப்பிரிவினரும் அழைக்கும் வழக்கம் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

கம்பிவேலிகளைத் தகர்ப்பதற்கென நீண்ட குழாயில் வெடிமருந்தை நிரப்பி முன்தள்ளும் பெங்களூர் டார்பிடோ என்னும் கருவி, 1912இல் இப்பிரிவின் அதிகாரி மெக்ளின்டாக் என்பவரால் உருவாக்கப்பட்டு உலகப் படைகள் பலவற்றிலும் பரவியது. இரண்டாம் உலகப்போரின்போது, 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் தம் உடலைக் கிடத்தி உடனிருந்தோரைக் காத்து உயிர்நீத்த சுபேதார் சுப்ரமணியன் இப்பிரிவைச் சேர்ந்தவரே ஆவார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. இத்தகைய மரபு ஒரு வட்டாரத்தின் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகப் படியும்போது, பட்டாளத்தில் சேர்வது பிழைப்புக்கான வழியாகவும் பெருமைக்கான வழியாகவும் ஒருங்கே அமைந்துவிடுகிறது. வானம் பார்த்த நிலமும், ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் பாலாறும் உள்ள பகுதியில், மாதந்தோறும் தவறாமல் வரும் சம்பளத்தின் மதிப்பைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

தொழில் கற்ற விதம்

1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின் இந்தியத் தரைப்படை விரைந்து விரிவாக்கப்பட்டபோது, அந்த நாயப் சுபேதார் 1963இல், பதினெட்டு வயதில், சாப்பராகச் சேர்ந்தார். சாப்பர் பயிற்சி மூன்று அடுக்குகளைக் கொண்டது. முதலாவது, துப்பாக்கி பிடிக்கவும் அணிவகுக்கவும் பழகும் படைப்பயிற்சி. இரண்டாவது, பாலம், வெடி, கண்ணிவெடி, அரண், பாதை ஆகியவற்றைக் கற்பிக்கும் களப்பொறியியல். மூன்றாவது, தச்சு, கொத்து, கொல்லுவேலை, மின்வேலை, குழாய்வேலை, இயந்திரம் ஓட்டுதல் போன்றவற்றுள் ஒன்றில் தேர்ச்சி தரும் தொழிற்பயிற்சி. இம்மூன்றாவது அடுக்கைப் படையினர் டிரேடு என்கின்றனர். இவருக்கு வாய்த்த டிரேடு தச்சு. அளவு பிசகினால் மரம் வீணாகும் என்பதால் இருமுறை அளந்த பின்னரே ஒருமுறை அறுக்கும் பழக்கம் அவருக்கு அங்கே படிந்தது; பிற்காலத்தில் காகிதங்களைக் கையாண்டபோதும் அப்பழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை.

களப்பொறியியலில் அவர் தலைமுறையினர் அனைவரின் தோளிலும் தழும்பு பதித்தது பெய்லி பாலமாகும். இரண்டாம் உலகப்போரின் தொடக்க ஆண்டுகளில் டொனால்ட் பெய்லி என்னும் ஆங்கிலப் பொறியாளர் வடிவமைத்த இப்பாலம், ஒரே அளவிலான எஃகுச் சட்டங்களை ஊசி எனத்தக்க தடித்த ஆணிகளால் கோத்து அமைக்கப்படுவது. ஒரு சட்டம் 10 அடி நீளமும் ஏறக்குறைய 5 அடி உயரமும் கொண்டது. எடை சுமார் 260 கிலோ. பளுதூக்கி இல்லாத இடத்திலும் ஆறு பேர், இடையே கொடுத்த தூக்குக் கம்பிகளைப் பற்றி, ஒரே குரலுக்கு ஒரே நேரத்தில் எழுந்து அதைத் தூக்கிவிட முடியும் என்பதே அவ்வடிவமைப்பின் சிறப்பு. ஆறு பேருள் ஒருவர் ஒரு நொடி முந்தினாலோ பிந்தினாலோ சுமை மற்றவர் தோளில் இறங்கும். ஆகவே உயரம் ஒத்தவர்களையே எதிரெதிரே நிறுத்துவர். பாலம் கரையிலேயே கோக்கப்பட்டு, உருளைகளின் மேல் அக்கரை நோக்கித் தள்ளப்படும். தள்ளும்போது ஆற்றுக்குள் கவிழ்ந்துவிடாதபடி, அதன் முன்புறத்தில் அதே சட்டங்களால், தளமின்றி எடை குறைவாக அமைந்த முன்மூக்கு ஒன்று சேர்க்கப்பட்டு, அக்கரை சேர்ந்ததும் கழற்றப்படும்.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நேர்ந்த நிலச்சரிவுக்குப் பின், சூரல்மலையில் மதராஸ் பொறியாளர் குழுவினர் இரவுபகலாக உழைத்து 190 அடி நீளப் பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1 அன்று முடித்தபோது, அக்காட்சியைத் தொலைக்காட்சியில் கண்ட முதிய சாப்பர்கள் ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டியே சொல்லக்கூடியவர்களாக இருந்தனர். இந்த நாயப் சுபேதாரும் அவர்களுள் ஒருவர். தாம் இருபது வயதில் கற்ற அதே முறை, அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் சேற்றில் சிக்கிய மக்களுக்கு வழி திறந்ததைக் கண்டதே, தம் பணிக்குக் கிடைத்த நிறைவான சான்று என அவர் பேரப்பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். அதற்கடுத்த ஆண்டில் அவர் மறைந்தார்.

கண்ணிவெடி வயலின் பாடம்

அவருடைய பணிக்காலத்தின் கடினமான பகுதி 1971ஆம் ஆண்டுப் போரும் அதனைத் தொடர்ந்த மாதங்களும் ஆகும். மேற்கு எல்லையில் இருதரப்பும் பரந்த நிலப்பகுதிகளில் கண்ணிவெடிகளைப் புதைத்திருந்தன. டாங்கிகள் முன்னேறுவதற்கு முன்னர் அவ்வயல்களினூடே பாதை திறப்பது பொறியாளர் படைவீரரின் கடமை. அந்த டிசம்பரில் பசந்தர் ஆற்றையொட்டிய வயல்களில் பொறியாளர்கள் குண்டுமழையின் நடுவே திறந்த பாதைகளே டாங்கிப் படையின் முன்னேற்றத்துக்கு வழியமைத்தன.

கையால் கண்ணிவெடி தேடும் முறை சொல்வதற்கு எளியது. செய்வதற்கு மிகக் கடியது. வீரர் முகங்குப்புறப் படுத்து, முதலில் விரல் நுனிகளால் புல்லையும் மண்ணின் மேற்பரப்பையும் தடவி, இழுகம்பி ஏதும் உள்ளதா எனப் பார்க்கிறார். பின்னர்க் குத்தூசி எனப்படும் நீண்ட கம்பியையோ துப்பாக்கி முனைக்கத்தியையோ நிலத்தோடு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில், மேலிருந்து அழுத்தாமல், பக்கவாட்டில் மெல்லச் செலுத்துகிறார்; ஏனெனில் புதைத்த கண்ணிவெடி பெரும்பாலும் மேலிருந்து வரும் அழுத்தத்துக்கே வெடிக்கும். கடினமான பொருள் தட்டுப்பட்டால் சுற்றியுள்ள மண்ணை விரல்களால் அகற்றி, அதன் பக்கம் தெரிந்ததும் அடையாளம் இட்டு, சில அங்குலம் விலகி மீண்டும் தொடங்குகிறார். அவருக்குப் பின்னால் வெள்ளை நாடா இழுக்கப்பட்டு வருகிறது. அந்நாடாவுக்கு உட்பட்ட நிலமே பாதுகாப்பானது.

போர் முடிந்த பிறகு, தம் தரப்பினர் புதைத்த கண்ணிவெடிகளைத் திரும்ப எடுக்கும் பணி 1972இலும் நீடித்தது. இப்பணிக்கு உயிர்நாடியாக இருப்பது மைன்ஃபீல்டு ரெக்கார்டு எனப்படும் வயல் பதிவேடு. கண்ணிவெடிகளைப் புதைக்கும்போதே, அசையாத ஓர் அடையாளத்திலிருந்து, அதாவது ஒரு கிணற்றிலிருந்தோ மைல்கல்லிலிருந்தோ, திசையையும் தொலைவையும் அளந்து, வரிசைகளின் எண்ணிக்கையையும் வெடிகளின் வகையையும் எழுதி வரைந்து வைப்பதே அப்பதிவேடு. புதைத்தவர் வேறிடம் மாறிச் சென்றிருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். எடுக்க வருபவர் அப்பதிவேட்டை நம்பியே காலடி வைக்கிறார். அவசரத்தில் எழுதப்பட்ட பதிவும், மழையில் அடித்துச் செல்லப்பட்ட அடையாளமும், எழுதாமல் விடப்பட்ட ஒற்றை வெடியும் தம் பக்கத்து வீரர்களின் கால்களையும் உயிர்களையும் வாங்கியதை அக்காலச் சாப்பர்கள் நேரில் கண்டனர்.

தாம் இல்லாத காலத்தில் தம் பின்னே வருபவர் நம்பி நடப்பதற்காகவே ஒரு பதிவு எழுதப்படுகிறது என்பதை இந்த நாயப் சுபேதார் அங்கேதான் கற்றார். அவருடைய குடும்ப ஆவணங்கள் எல்லாம் அந்த ஒரு பாடத்தின் விரிவாகவே காணப்படுகின்றன.

காகிதங்களில் தெரியும் கணவரும் தந்தையும்

படைவீரர் ஒருவரின் குடும்பம் ராணுவப் பதிவுக்குள் இடம்பெறும் முறையை இங்கே விளக்குவது பொருத்தமாகும். ஒருவர் சேர்ந்தவுடன் அவருக்கென ஷீட் ரோல் எனப்படும் பணிப்பதிவு திறக்கப்படுகிறது. பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், அங்க அடையாளம், பயிற்சி, பதவி உயர்வு, தண்டனை, விருது அனைத்தும் அதில் ஏறும். அதனுடன் கிண்ட்ரெட் ரோல் எனப்படும் உறவினர் பட்டியலும் எழுதப்படுகிறது. திருமணம், குழந்தைப் பிறப்பு, உறவினர் இறப்பு போன்றவை நிகழும்போது, வீரர் அவற்றைத் தம் கம்பெனி அலுவலகத்தில் சான்றுடன் தெரிவிக்க வேண்டும்; அங்கிருந்து அவை பார்ட் டூ ஆர்டர் எனப்படும் பிரிவு ஆணையில் வெளியிடப்பட்டு ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்குச் செல்லும். பார்ட் டூ ஆர்டரில் ஏறாத மனைவியும் குழந்தையும், அரசின் கண்ணில் இல்லாதவர்களே.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான சிப்பாய்கள் தவறிவிடுகின்றனர். அறுபது நாள் ஆண்டு விடுப்பில் ஊர் வந்து, திருமணம் முடித்து, ரயில் ஏறித் திரும்பும் இளைஞர், மணமகளின் பெயரைத் தம் நினைவிலிருந்தே எழுத்தரிடம் சொல்கிறார். வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்று, பள்ளியில் எழுதிய பெயர் வேறொன்று. வடநாட்டு எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதியது மூன்றாவது. பிறந்த நாள் தெரியாத நிலையில் தோராயமாக ஓர் ஆண்டு இடப்படுகிறது. இரண்டாவது, மூன்றாவது குழந்தைகள் தெரிவிக்கப்படாமலே விடப்படுகின்றனர். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அவர் மறையும்போது, ஓய்வூதிய ஆணையிலுள்ள பெயரும், ஆதார் அட்டையிலுள்ள பெயரும், வங்கிக் கணக்கிலுள்ள பெயரும் ஒரே பெண்ணுடையவைதாம் என்று மெய்ப்பிக்கும் சுமை, எழுதப் படிக்கத் தெரியாத கைம்பெண்ணின் தலையில் விழுகிறது. பிரமாணப் பத்திரம், கிராம நிர்வாக அலுவலரின் சான்று, நாளிதழ் விளம்பரம், மீண்டும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்குக் கடிதம் என்று மாதங்கள் ஓடும். அதுவரை குடும்ப ஓய்வூதியம் வராது. ஆவண எழுத்தரின் மேசைக்கு வரும் துயரங்களுள் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவையே.

இந்த நாயப் சுபேதாரின் காகிதங்கள் அதற்கு நேர்மாறானவை. 1969இல் திருமணம் நடந்தது. அடுத்த மாதத்து ஆணையிலேயே அது வெளியாகியிருக்கிறது. மனைவியின் பெயர், ஐந்தாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழில் உள்ளவாறே, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பதிவாகியுள்ளது. அச்சான்றிதழை அவர் திருமண விடுப்பிலேயே கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். முதல் மகள் 1971 நவம்பரில் பிறந்தாள். அவளுடைய பிறப்பு ஆணையில் ஏறியதோ அடுத்த ஆண்டு கோடையில். இந்த இடைவெளியைக் காணும் தொழிலறிந்தவர், கவனக்குறைவு என்று அதைக் கொள்ள மாட்டார். போர்முனையில் கண்ணிவெடி வயல்களில் இருந்த தந்தை, மகள் பிறந்த செய்தியைக் கடிதத்தில் அறிந்து, பிறப்புச் சான்று கைக்கு வருவதற்குக் காத்திருந்து, விடுப்பு கிடைத்து முகத்தைப் பார்த்துத் திரும்பிய பின்னரே பதிந்திருக்கிறார் என்பதை அதே ஆண்டின் விடுப்புப் பதிவு உறுதிசெய்கிறது. போர்க்காலம் தாண்டிப் பிறந்த இரண்டு மகன்களின் பதிவுகளும் பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

அவர் வீட்டுக்கு அனுப்பிய பணத்தின் வரலாறும் இவ்வாறே பேசுகிறது. குடும்ப ஒதுக்கீடு என்னும் அக்கால ஏற்பாட்டின்படி, சம்பளத்தில் ஒரு பகுதி வீரரின் கைக்கு வராமலேயே பிடிக்கப்பட்டு மணியார்டராக வீட்டுக்குச் செல்லும். இவர் பதவி உயர்வு பெற்ற ஒவ்வொரு முறையும், லான்ஸ் நாயக்கிலிருந்து நாயக், நாயக்கிலிருந்து ஹவில்தார் என ஏறும்போதெல்லாம், அவ்வொதுக்கீட்டை உயர்த்துமாறு எழுதிக்கொடுத்திருக்கிறார். அவருடைய கடிதங்களின் முகவரியில் ஊர்ப்பெயர் ஏதுமின்றி, படை அஞ்சலகக் குறியீடான 56 ஏ.பி.ஓ. என்பது மட்டுமே இருந்தது. கணவர் பனிமலையில் இருக்கிறாரா, பாலைவனத்தில் இருக்கிறாரா என்று மனைவிக்குத் தெரியாது. ஆனால் மாதம் தவறாமல் தபால்காரர் வாசலில் வந்து நின்றதன் மூலம், அவர் உயிரோடிருக்கிறார் என்பதும் வீட்டை மறக்கவில்லை என்பதும் அந்த அம்மையாருக்குத் தெரிந்துகொண்டே இருந்தன.

பதக்கங்களும் இரண்டாம் வாழ்க்கையும்

அவருடைய பதக்கங்கள் ஒரு துணிப்பையில் பாதுகாக்கப்பட்டிருந்தன. 1965ஆம் ஆண்டு மோதலின்போது படையில் இருந்தோருக்கான ரக்ஷா பதக்கம். 1971 போரில் மேற்குக் களத்தில் நின்றோருக்கான பச்சிமி ஸ்டார். அப்போர்க்காலத்தில் பணியில் இருந்தோருக்கான சங்கிராம் பதக்கம். 1972இல் பணியில் இருந்தோர் பெற்ற விடுதலை வெள்ளிவிழாப் பதக்கம். நீண்டகாலப் பணிக்கான 9 ஆண்டு, 20 ஆண்டுப் பதக்கங்கள். இவற்றுள் எதுவும் தனிவீரத்துக்கானது அன்று. உரிய இடத்தில் உரிய காலத்தில் நின்றமைக்காக வழங்கப்படுபவை. வட்டப் பதக்கங்களின் விளிம்பில் படை எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும் என்பதைப் பல குடும்பத்தார் அறிவதில்லை. வெள்ளியென நம்பி எடைக்குப் போடுவோரும், பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுப்போரும் உள்ளனர். அவ்விளிம்பைப் பூதக்கண்ணாடி கொண்டு படித்தால் ஒரு மனிதரின் அடையாளம் முழுவதும் அங்கே கிடைக்கும்.

1980களின் பிற்பகுதியில் நாயப் சுபேதாராக ஓய்வுபெற்றபோது அவருக்கு நாற்பதைச் சில ஆண்டுகளே தாண்டியிருந்தன. படைவீரரின் ஓய்வு, பிற அரசு ஊழியரின் ஓய்வைப் போன்றதன்று. பிள்ளைகளின் படிப்பும் திருமணமும் எதிரே நிற்கும் வயதில் அது வருகிறது. அதனால் அவர், தம் வட்டாரத்தில் பலரும் செய்ததைப் போல, வங்கி ஒன்றில் காவலராகச் சேர்ந்து அறுபது வயதுவரை பணியாற்றினார். அக்காலத்தில் கட்டிய வீட்டின் நிலைகளையும் கதவுகளையும் சாளரங்களையும் தம் கையாலேயே செய்தார். பட்டாளத்தில் கற்ற தச்சுவேலை இப்போது குடும்பத்துக்குப் பயன்பட்டது. ஆண்டுகள் பல கழிந்தும் அக்கதவுகளில் மழைக்காலத்தில்கூட ஒன்றும் இறுகிப் பிடிப்பதில்லை. மரம் ஊறுவதற்கான இடத்தைக் கணித்து விட்டிருக்கிறார்.

மூன்று பிள்ளைகளையும் அவர் படிக்கவைத்தார். மகளைத் தம்பியருக்கு முன்னதாகவே ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பினார். முன்னாள் படைவீரர் குழந்தைகளுக்கான இடஒதுக்கீட்டுச் சான்று, கல்வி உதவித்தொகை விண்ணப்பம் ஆகியவற்றுக்காக மாவட்ட நல அலுவலகத்துக்கு அவர் சென்றுவந்த தடங்கள் அவருடைய கோப்பில் முத்திரைகளாகப் பதிந்திருக்கின்றன. குடும்பத்தின் இழந்த ஆண்டுகளை ஈடுசெய்ய அவர் பெரிய பேச்சு எதையும் பேசவில்லை. பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கு அழைத்துச் செல்வதையும், மாலையில் கணக்கு சொல்லித் தருவதையும், பின்னர்ப் பேரப்பிள்ளைகளுக்கும் அவற்றையே செய்வதையும் ஒருநாளும் விடாத கடமையாகக் கொண்டிருந்தார் என அவருடைய மக்கள் கூறுகின்றனர்.

கடைசிப் பதிவு

ஓய்வூதியர்களின் உரிமைகள் காலந்தோறும் மாறுபவை. 2003 ஏப்ரலில் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் தொடங்கியது. ஒரே பதவிக்கும் ஒரே பணிக்காலத்துக்கும் ஓய்வுபெற்ற ஆண்டு எதுவாயினும் ஒரே ஓய்வூதியம் என்னும் நெடுநாள் கோரிக்கை, 2014 ஜூலை 1 முதல் கணக்கிட்டு வழங்கப்படும் என 2015இல் அறிவிக்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில் ஸ்பர்ஷ் என்னும் இணையவழி ஓய்வூதிய முறை வந்தது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு புதிய படிவத்தைக் கோருகிறது. ஒவ்வொரு படிவமும் பழைய பிழையொன்றை வெளிக்கொணர்கிறது. ஸ்பர்ஷ் முறைக்குத் தம் கணக்கு மாற்றப்பட்டபோது, பேரனைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, திரையில் தெரிந்த ஒவ்வொரு சொல்லையும் ஓய்வுபெற்றபோது தமக்குத் தரப்பட்ட பழைய டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு அவர் ஒப்பிட்டார். மனைவியின் பிறந்த நாளில் ஓர் எண் மாறியிருந்ததைக் கண்டுபிடித்து, அதைத் திருத்தும் விண்ணப்பத்தோடு ஆவண எழுத்தரை நாடினார்.

அத்திருத்தத்தின் பொருளை அறிந்தவருக்கு அவருடைய குடும்பப் பற்றின் ஆழம் விளங்கும். ஓய்வுபெற்ற வீரர் முதிய வயதில் மறையும்போது, அவருடைய மனைவிக்கு அடிப்படைச் சம்பளத்தின் 30 விழுக்காடு குடும்ப ஓய்வூதியமாகக் கிடைக்கும். அம்மனைவியார் 80 வயதை எட்டும்போது அதன் மேல் 20 விழுக்காடு கூடுதலாகச் சேரும். 85, 90, 95 என வயது ஏற அதுவும் ஏறி, 100 வயதில் இரட்டிப்பாகும். இவ்வுயர்வு முழுவதும் ஆவணத்திலுள்ள பிறந்த நாளையே நம்பியிருக்கிறது. தாம் மறைந்த பின், தம் துணைவியார் எண்பது வயதில் ஓர் அலுவலகப் படியேறி வயதை மெய்ப்பிக்க வேண்டிய நிலை வரக்கூடாது என்று எண்ணிய அம்மனிதர், தம் பெயரில் வரும் தொகையில் ஒரு ரூபாயையும் மாற்றாத அத்திருத்தத்துக்காக நடையாய் நடந்தார். அவர் மறைந்தபோது குடும்ப ஓய்வூதியத்துக்கான தாள்களில் எழுத்தர் திருத்த வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. இறப்புச் சான்றையும் வங்கி விவரத்தையும் இணைத்தால் போதுமானதாக இருந்தது.

காகிதங்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை என்பதும் உண்மையே. கண்ணிவெடி வயலில் உடனிருந்தோர் யாரை அவர் இழந்தார், அந்த இழப்பை எவ்வாறு தாங்கினார், மகளின் முதல் மழலையைக் கேளாது போன ஏக்கம் எத்தகையது என்பன எந்த ஆணையிலும் இல்லை. 1971ஆம் ஆண்டுப் போரில் இளைஞர்களாக நின்றவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்துகொண்டிருக்கின்றனர். அவர்களிடம் இத்தகையவற்றைக் கேட்டுப் பதிவதற்குரிய காலம் குறுகி வருகிறது. ஆகவே, பட்டாளத்துக்காரர் ஒருவர் வீட்டில் உயிரோடிருக்கும்போதே, குடும்பத்தார் அவரோடு அமர்ந்து, பணிப்பதிவிலுள்ள ஒவ்வொரு முகாமின் பெயரையும் சொல்லி, அங்கே என்ன நடந்தது என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். புகைப்படங்களின் பின்புறத்தில் உடன் நிற்போரின் பெயர்களைக் குறிக்க வேண்டும். பதக்கங்களை அவரவர் பெயரோடு பிரித்து வைக்க வேண்டும். மனைவி, பிள்ளைகளின் பெயர்களும் பிறந்த நாள்களும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றியிருக்கின்றனவா என்று அவர் முன்னிலையிலேயே சரிபார்க்க வேண்டும். இப்பணிக்குப் புலமை தேவையில்லை; சில மாலைநேரங்களும் ஒரு குறிப்பேடும் போதும்.

ஒரு முதிய படைவீரரை நல்ல சிப்பாய் என்றும் நல்ல குடும்பத் தலைவர் என்றும் தனித்தனியே பாராட்டுவது வழக்கமாக இருக்கிறது. இந்த நாயப் சுபேதாரின் ஆவணங்களைப் படித்தவர் அவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. பின்வருபவரின் பாதம் ஊறுபடக்கூடாது என்று கண்ணிவெடி வயலைப் பிழையின்றிப் பதிந்த அதே கை, மனைவியின் பெயரையும் மகளின் பிறப்பையும் பிழையின்றிப் பதிந்தது. தொலைவில் இருந்தபடியே குடும்பம் நடத்த வேண்டியிருந்த ஒரு தலைமுறையின் அன்பு, இத்தகைய சலிப்பூட்டும் சிறு கடமைகளின் வழியாகவே வெளிப்பட்டது. அவர்களை நினைவுகூர்வோர் போர்க்களப் புகழோடு இக்கடமைகளையும் சேர்த்து எழுதும்போதே அந்த நினைவு முழுமை பெறும்.